பள்ளி லேப் கழிவை என்ன செய்வது? கடலூர் ஆசிரியர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டது மூன்று விஷயம், டீச்சர். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். லேப் சிங்க்கின் தண்ணீர் கட்டடத்துக்குப் பின்னால் உறிஞ்சுகுழிக்குப் போகிறது. பிராக்டிகல் முடிந்ததும் எல்லாவற்றையும் அதிலேயே ஊற்றிவிடுவது அங்கே வழக்கம். அது சரியா? பீரோவின் அடித்தட்டில் லேபிள் உரிந்த பழைய பாட்டில்கள் நாற்பது ஐம்பது கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது? எச்.எம். "தோட்டத்து மூலையில குழி வெட்டிப் புதைச்சிடுங்க" என்கிறார். புதைக்கலாமா?

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். புதைக்கக் கூடாது. எச்.எம். எவ்வளவு வற்புறுத்தினாலும் கூடாது. சிங்க்கில் ஊற்றுவதில் பாதி சரி, பாதி தவறு. பழைய பாட்டில்களில் பெரும்பாலானவற்றை நீங்களே ஒழுங்குபடுத்தலாம். சிலவற்றை விரலால்கூடத் தொடக் கூடாது.

நான் சிப்காட் தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். அங்கே எந்தத் தொட்டிக்கு எது போக வேண்டும் என்று முடிவெடுக்கும்போது முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது அழியுமா, அழியாதா? அமிலம் அழியும், காரத்தைச் சேர்த்தால் உப்பும் தண்ணீரும் ஆகிவிடும். பெர்மாங்கனேட்டின் வீரியம் அழியும். ஈயம் அழியாது. பாதரசம் அழியாது. அவை தனிமங்கள், எந்த வினையைச் செய்தாலும் வேறு உருவத்தில் அதே எடை இருக்கும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நீங்களே நடத்தும் பாடம் இது. ஆனால் பிராக்டிகல் முடிந்து டெஸ்ட் ட்யூப் கழுவும் நேரத்தில் எல்லாருக்கும் மறந்துவிடுகிறது. "நிறைய தண்ணி ஊத்தி விட்டா போயிடும்" என்ற வாக்கியத்தை லேபுக்குள் யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக் கணக்குப் போட வையுங்கள்.

கணக்கு இதுதான். சால்ட் அனாலிசிஸுக்கு (கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை) ஒரு மாணவனுக்கு 1 கிராம் லெட் நைட்ரேட் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் ஈயம் மட்டும் சுமார் 626 மில்லிகிராம். ஆறு, குளம் போன்ற நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு நம் சுற்றுச்சூழல் விதிகள் வைத்திருக்கும் வரம்பு, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஈயம். ஆக அந்த ஒரு மாணவனின் ஒரு கிராமை வரம்புக்குள் கொண்டுவர 6,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரு பேட்சில் ஆறு பேருக்கு லெட் வந்தால் மூன்று பெரிய டேங்கர் லாரித் தண்ணீர். அவ்வளவு நேரம் குழாயைத் திறந்து வைக்க எந்தப் பள்ளி மோட்டாராலும் ஆகாது. பாதரசத்துக்கு வரம்பு இன்னும் பத்து மடங்கு குறைவு, லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கடலூர், புதுச்சேரிக் கடலோரத்தில் மேல்மண் பல இடங்களில் மணல். நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. உறிஞ்சுகுழியில் விட்டது அங்கேயே நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் ஏறும்போது குழியின் அடியும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். பள்ளியின் போர்வெல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; பெரும்பாலும் அதே வளாகத்தில்தான் இருக்கும். சிப்காட் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் பற்றிப் பல காலமாகப் பேசிவருகிறோம். அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியே அதன் சின்ன நகலாக ஆகக் கூடாது. புதைப்பது இதைவிட மோசம். பாட்டில் என்றைக்கு உடையும் என்று தெரியாது, எங்கே புதைத்தோம் என்பதும் அடுத்த எச்.எம்முக்குத் தெரியாது, பத்து வருடம் கழித்து அந்த இடத்தில் வகுப்பறைக்கு அஸ்திவாரம் தோண்டுவார்கள்.

முதலில், பள்ளியிலேயே முடித்துவிடக்கூடியவை. நீர்த்த அமிலம், நீர்த்த காரம், டைட்ரேஷன் (கரைசலின் செறிவை அளக்கும் சோதனை) மிச்சம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று பாதி தீர்த்துக்கொள்ளும். மீதிக்குச் சமையல் சோடாவோ நீரற்ற சோடியம் கார்பனேட்டோ சிறிது சிறிதாகப் போட்டு, நுரைப்பது நின்றதும் பி.எச். தாளில் 6க்கும் 9க்கும் நடுவில் வந்திருக்கிறதா என்று பார்த்து ஊற்றிவிடலாம். உலோகம் சேராத வாளியாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. பியூரெட்டில் மிஞ்சிய ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை, அன்றைக்கு மிஞ்சிய ஆக்சாலிக் அமிலத்தையோ பெரஸ் அம்மோனியம் சல்பேட்டையோ கொண்டே நிறம் போகும் வரை தீர்த்துவிடுங்கள். இரண்டும் அதே மேஜையில் இருப்பவைதாம், தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் இவற்றின் குளோரைடு, சல்பேட், கார்பனேட், ஸ்டார்ச், சர்க்கரை, நீர்த்த அசிட்டிக் அமிலம்: இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அடர் அமிலம் வேறு கதை. ஒரு லிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தீர்க்க நீரற்ற சோடியம் கார்பனேட் ஏறக்குறைய 650 கிராம் வேண்டும். அடர் கந்தக அமிலத்துக்குக் கிட்டத்தட்ட 1.9 கிலோ. நேராகக் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். நிறைய தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஆறவைத்து, பிறகுதான் சோடா. ஆனால் நான் கேட்பது வேறு: லேபிள் சரியாக இருக்கும் அடர் அமிலத்தை ஏன் அழிக்க வேண்டும்? அமிலத்துக்கு ஒன்றும் வயதாகிவிடாது. உங்களுக்குத் தேவையில்லை என்றால் கல்வி அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குக் கொடுங்கள். கழிவு என்று நாம் பெயர் வைத்திருப்பதில் கணிசமான பங்கு, தேவைக்கு மேல் வாங்கிய சரக்குதான்.

இனி அழியாதவை. ஈயம், செம்பு, பேரியம், குரோமியம், கோபால்ட், நிக்கல், வெள்ளி, பாதரசம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, அந்த சால்ட் பட்டியலில் ஆர்சனிக்கும் இருக்கிறது, அரியாங்குப்பத்திலும் பாகூரிலும் இருக்கும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். இவற்றுக்கு மேஜையின் முனையில் ஒரு வாய் அகன்ற ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் வையுங்கள். கண்ணாடி வேண்டாம். கேனை ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் வையுங்கள், கசிந்தால் டப்போடு நிற்கும். டெஸ்ட் ட்யூபில் இருப்பதையும் முதல் தடவை கழுவிய தண்ணீரையும் கேனில் ஊற்ற வேண்டும்; இரண்டாம் கழுவலிலிருந்து சிங்க். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் வாரம் நீங்கள் கேன் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு பிள்ளைகளே ஒருவரையொருவர் பிடிப்பார்கள்.

கேனில் சோடியம் கார்பனேட் போட்டு எப்போதும் காரத்தன்மையில் வைத்திருங்கள், பி.எச். 8லிருந்து 9 வரை. உலோகங்கள் கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் அடியில் படியும். காரமாக வைக்க இன்னொரு காரணமும் உண்டு: சால்ட் அனாலிசிஸில் சல்பைடு வரும், அதன் மேல் அமிலம் விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை வாடை வந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அம்மோனியம் உப்புகள் காரத்தில் அம்மோனியாவை விடும், அதனால் கேன் ஜன்னல் ஓரத்தில் இருக்கட்டும். மூடியை அன்றைக்கே இறுக்க வேண்டாம். முக்கால் கேனுக்கு மேல் நிரப்பவும் வேண்டாம்.

அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து சிங்க்கில் விடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஈயம் இருந்தால் கூடாது. பலர் சோடியம் சல்பேட் போட்டு ஈயத்தை வெள்ளையாக வீழ்த்திவிட்டு, மேலே தெளிந்த தண்ணீர் சுத்தம் என்று நம்புகிறார்கள். லெட் சல்பேட் லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் கரையும். வரம்பு 0.1 என்றேன் அல்லவா? கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் வரம்பைப் போல நூறு மடங்குக்கு மேல் ஈயத்தோடு இருக்கிறது. பேரியம் மட்டும் விதிவிலக்கு. பேரியம் சல்பேட் கிட்டத்தட்டக் கரையவே கரையாது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்குக் குடிக்கவே கொடுக்கிறார்கள். மற்றபடி மேல்நீரை வீணாக்காமல், அடுத்த பேட்சின் முதல் கழுவலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். அளவு சேர்ந்துகொண்டே போகிறது என்றால், நீங்கள் கொடுக்கும் சால்ட்டின் அளவு அதிகம் என்று பொருள்.

டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் கலந்த ஆரஞ்சு நிறக் கழுவும் கலவை உங்கள் லேபிலும் ஒரு ஜாடியில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதை இனித் தயாரிக்காதீர்கள். சோப்புத்தூளும் பிரஷும் பள்ளிக்குப் போதும். இருப்பதை முதலில் நிறைய தண்ணீரில் மெல்ல ஊற்றி நீர்த்துப்போகச் செய்யுங்கள். அமிலத்தன்மை இருக்கும்போதே பெரஸ் சல்பேட் கரைசலைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆரஞ்சு முழுக்கப் போய்ப் பச்சை வந்தால், புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றுக்கு இறங்கிவிட்டது. பிறகு சுண்ணாம்பு நீரால் காரமாக்கினால் சேறாகப் படியும். அந்தச் சேறு உலோகக் கேனுக்குப் போக வேண்டியது. வரிசை மாறக் கூடாது. காரமாக்கிவிட்டுப் பிறகு பெரஸ் சல்பேட் போட்டு வேடிக்கை பார்ப்பவர்களும் உண்டு. அங்கே இரும்புதான் முதலில் சேறாகும்.

வெள்ளியை மட்டும் உலோகக் கேனில் சேர்க்காமல் தனியாக வையுங்கள், விலை உள்ளது. சில்வர் நைட்ரேட் மிச்சத்தில் சாப்பாட்டு உப்புக் கரைசலை ஊற்றினால் தயிர் மாதிரி வெள்ளையாக வீழும். வடிகட்டி, கறுப்புத்தாள் சுற்றிய பாட்டிலில் சேர்த்துவிடலாம். ஆனால் டாலன்ஸ் வினைபொருளில் மட்டும் தாமதம் கூடாது. ஆல்டிஹைடு சோதனைக்காகத் தயாரித்தது மிஞ்சிவிட்டது, நாளைக்கு அடுத்த பேட்சுக்கு ஆகும் என்று மூடி வைக்கும் பழக்கம் உண்டு. வைத்திருக்க வைத்திருக்க அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும். பாட்டிலை அசைத்தாலே போதும். சோதனை முடிந்த அதே மணி நேரத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஊற்றி அமிலமாக்கி, பிறகு உப்பைச் சேர்த்து வெள்ளிப் பாட்டிலுக்கு அனுப்புங்கள்.

லாசிகன் சோதனையின் (கரிமச் சேர்மத்தைச் சோடியத்தோடு உருக்கி அதிலுள்ள தனிமங்களைக் கண்டறிவது) வடிநீரில் சயனைடு இருக்கும். அதன் மேல் அமிலம் விழாமல் தனிப் பாட்டிலில், காரத்திலேயே, பிளீச்சிங் பவுடர் கரைசல் சேர்த்து ஒரு ராத்திரி விட்டால் சயனைடு சிதைந்துவிடும். மாணவனுக்குச் சில சொட்டுத்தான், அதனால் சின்ன பாட்டில் போதும். பிளீச்சிங் கலந்த அந்தப் பாட்டிலில் அமிலமோ அம்மோனியாவோ சேரக் கூடாது.

அதே சோதனையில் இன்னொரு ஆபத்து குப்பைக்கூடையில் இருக்கிறது. சோடியத்தை மண்ணெண்ணெயிலிருந்து எடுத்து ஃபில்டர் பேப்பரில் ஒற்றி, அந்தப் பேப்பரைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடுவார்கள். பேப்பரில் ஒட்டிய கடுகளவு சோடியம், கூடையில் ஈரம், சுற்றிலும் காகிதம், மேலே மண்ணெண்ணெய் ஈரம். பள்ளி லேப்களில் குப்பைக்கூடை தீப்பிடித்த கதைகளைத் தோண்டினால் பல இங்கேதான் வந்து நிற்கும். அந்தப் பேப்பர்களுக்கென்று ஒரு பீக்கரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வையுங்கள். பேப்பரை அதில் போட்டுக் குமிழி அடங்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். பழைய சோடியத் துண்டுகளையும் பாசிப்பயறு அளவுக்கு நறுக்கி, பர்னர் எதுவும் எரியாத இடத்தில், ஒன்று கரைந்த பிறகு அடுத்தது என்று அப்படியே தீர்க்கலாம். சில கிராமுக்கு மேல் இருந்தால் நீங்கள் செய்ய வேண்டாம். குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு பக்கமே சோடியம் போகக் கூடாது. அந்தச் சேர்க்கை வெடிக்கும்.

கரிமக் கழிவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: குளோரின் உள்ள கரைப்பான்களுக்கு ஒரு பாட்டில், மற்றவற்றுக்கு ஒன்று. எதையும் மைதானத்தில் ஊற்றிக் கொளுத்தாதீர்கள். உயிரியல் லேபின் ஃபார்மலின் ஜாடிகளையும் கூடவே பட்டியலில் சேருங்கள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள்களின் வரிசையில் இருக்கிறது. அதை ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழிவோடு கலக்கக் கூடாது, அதைவிட மோசமான ஒன்று உருவாகும்.

பாதரசத்துக்கு மட்டும் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டும், அந்த மண்ணைச் சுத்தப்படுத்தும் பேச்சு பல ஆண்டுகள் ஓயவில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலகளாவிய மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றுக்கொண்டது. தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், தங்கத்தோடு பாதரசம் ஒட்டும். துடைப்பம் கூடாது, அது ஒரு மணியை நூறாக்கும். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் மணிகள் மின்னும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டால் ஒதுக்கி, டிராப்பரால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடுங்கள். தரை விரிசலில் கந்தகத்தூள் தூவி, பிறகு அதையும் அள்ளிச் சேர்த்துவிடுங்கள். இயற்பியல் லேபில் ஃபார்ட்டின் பாரமானி (காற்றழுத்தம் அளக்கும் பாதரசக் கருவி) மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருப்பது தெர்மாமீட்டர் கணக்கில் வராது, மிக அதிகம். கழற்ற வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம், பட்டியலில் எழுதிவையுங்கள். அம்மோனியத்தைக் கண்டறியப் பயன்படுத்தும் நெஸ்லர் வினைபொருளும் பாதரசக் கரைசல்தான், அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. அம்மோனியத்தைக் காரத்தோடு சூடாக்கி, வரும் வாயுவை ஈரச் சிவப்பு லிட்மஸில் பார்த்தாலே போதும். நெஸ்லரை இனி வாங்காதீர்கள்.

இப்போது அந்த அடித்தட்டு. போகும் முன் ஒரு நோட்டு, மார்க்கர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. தனியாகப் போகாதீர்கள், லேப் அசிஸ்டென்ட் அண்ணனையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டில் எந்த வருடம் வந்தது என்பது ரெஜிஸ்டரைவிட அவருக்குத் தெரிந்திருக்கும். முதல் சுற்றில் எதையும் எடுக்காமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். மூடியைச் சுற்றியோ அடியிலோ படிகம் கட்டிய ஈதர் பாட்டில். மஞ்சளாக உலர்ந்த பிக்ரிக் அமிலம். ஈரமாக இருக்கும் வரைதான் அது சாது, உலர்ந்துவிட்டால் மூடியைத் திருகும் உராய்வே போதும். காய்ந்துபோன போர்ஷ் வினைபொருளின் (2,4-டி.என்.பி.) தூள். மஞ்சள், ஆரஞ்சு மேலோடு கட்டிய பொட்டாசியம். வீங்கிய பாட்டில். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். தூரத்திலிருந்து போட்டோ எடுத்து, அறையைப் பூட்டி, எச்.எம்முக்கு எழுத்தில் கொடுங்கள். தீயணைப்புத் துறைக்கும், வெடிக்கும் வகை என்றால் காவல்துறைக்கும் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு பள்ளிக்கு வருவதா என்று கூச்சப்பட வேண்டாம், இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள்தான்.

அப்படி எதுவும் இல்லை என்றால் மீதியை வகை பிரித்துப் பட்டியல் போடுங்கள். லேபிள் இல்லாததை முகர்ந்து பார்க்காதீர்கள், சோதித்துக் கண்டுபிடிக்கும் ஆசையும் வேண்டாம். "பெயர் தெரியாது, வெள்ளைத் தூள், அரை பாட்டில்" என்று எழுதி ஒட்டினாலே போதும். காலி பாட்டில்களை மூன்று முறை கழுவி, லேபிளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்ட பிறகே பழைய சாமான்காரருக்குப் போடுங்கள். கழுவாத ஆசிட் பாட்டில் சுற்றிச் சுற்றி யாரோ ஒருவர் வீட்டில் மண்ணெண்ணெயோ எண்ணெயோ ஊற்றும் பாட்டிலாகிவிடும்.

யார் எடுத்துப்போவார்கள்? 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இப்படிப்பட்ட கழிவு, அனுமதி பெற்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. வண்டியில் போகும்போது எட்டாம் படிவ லேபிளும் பத்தாம் படிவப் பயணச்சீட்டும் கூடப் போகும். உங்கள் முதல் படி, கடலூரிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு, பட்டியலோடு எச்.எம். கையெழுத்திட்ட ஒரு கடிதம். விதிகளில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று இருக்கிறது; பள்ளி போன்ற சின்ன இடத்துக்கு அதை எப்படிக் கையாள்வது என்று அவர்களிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒரு பள்ளியின் இருபது கிலோவுக்காக யாரும் வண்டி அனுப்ப ஆர்வம் காட்ட மாட்டார்கள். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பள்ளிகள் பத்துப் பதினைந்து சேர்ந்து, முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக ஒரே நாளில் கொடுப்பதாகக் கேட்டால் பேச்சு மாறும், செலவும் பிரியும்.

"எங்க கம்பெனி கழிவோட சேர்த்து அனுப்பிடறோம் டீச்சர்" என்று தெரிந்த ஆலைக்காரர் ஒருவர் சொல்லக்கூடும். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அவருடைய அனுமதி அவர் ஆலையில் உண்டாகும் கழிவுக்கு மட்டும். வாரியத்தைக் கேட்காமல் கொடுத்தால் அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல்.

புதுச்சேரி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு கூடுதல் படி. அங்கே அணுக வேண்டியது புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தை. பாகூரிலிருந்து கடலூருக்கு வர ஆற்றைத் தாண்டினால் போதும், டீ குடிக்கவே வந்து போவோம். கழிவுக்கு அது மாநில எல்லை. இறுதி அகற்றலுக்காக வேறு மாநில நிலையத்துக்கு அனுப்பினால், இரண்டு பக்கத்து வாரியங்களிடமும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்கான நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஸ்டாக் ரெஜிஸ்டர் என்ற முட்டுக்கட்டையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரும். ஆடிட்டில் இருப்பு குறையக் கூடாது என்ற பயத்தில்தான் பல லேப்களில் கால் நூற்றாண்டுப் பாட்டில்கள் அப்படியே நிற்கின்றன. எச்.எம்., மூத்த ஆசிரியர், நீங்கள் என மூவர் கையெழுத்தோடு, காலாவதி, லேபிள் இல்லை, ஆபத்து என்று காரணம் எழுதி, கழிவு செய்ய அனுமதி கேட்டு மேலே அனுப்புங்கள். வாரியத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை அதோடு இணைத்தால் ஆடிட்டர் கேள்வி கேட்க மாட்டார். அடுத்த ஆண்டு வாங்கும்போது 500 கிராம் பாட்டில் மலிவு என்று எடுக்காதீர்கள். மார்ச் மாதம் நிதியைத் தீர்க்க வாங்கியதுதான் இன்றைக்கு உங்கள் அடித்தட்டில் கிடக்கிறது.

சால்ட்டின் அளவையும் குறையுங்கள். ஒரு கிராம் எதற்கு? 0.1 கிராமைக் கரைத்து, ஸ்பாட் டைலில் (சின்னக் குழிகள் உள்ள தட்டு) சொட்டுச் சொட்டாகச் செய்தாலும் ஈயத்துக்குப் பொட்டாசியம் அயோடைடில் அதே மஞ்சள் வரும். அதைச் சூடாக்கி ஆறவிட்டால் வரும் பொன்னிறப் பளபளப்பை மட்டும் நீங்கள் ஒரு பெரிய டெஸ்ட் ட்யூபில் எல்லாருக்கும் காட்டிவிடலாம். பயிற்சிக்குத் துத்தநாகம், அலுமினியம், கால்சியம், மக்னீசியம், அம்மோனியம் என்று கொடுத்தால் முறை பழகிவிடும். லெட்டையும் பேரியத்தையும் ஒரு முறை பார்த்தால் போதும்.

மழைக்கு முன், புரட்டாசியிலேயே, எல்லாவற்றையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். 2015 வெள்ளத்தையும், 2024இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை கரை மீறி வந்ததையும் பார்த்த ஊர் இது. முழங்கால் தண்ணீர் லேபுக்குள் வந்தால் முதலில் மூழ்குவது அந்த அடித்தட்டுதான். சோடியம் பாட்டிலுக்குள் தண்ணீர் நுழைந்தால் மண்ணெண்ணெய் மேலே மிதந்துவிடும். அடியில் கிடக்கும் சோடியத்துக்குத் தண்ணீர் கிடைத்துவிடும். அதற்கு ஓர் இரும்பு டப்பாவும், கண் மட்டத்துக்கு மேலே ஒரு தட்டும் ஒதுக்குங்கள். கேன்களின் மூடிகளையும் அப்போதுதான் இறுக்க வேண்டும்.

கடைசியாக சிங்க். இனிச் சரியாக ஊற்றினாலும், இத்தனை வருடம் ஊற்றியது அதன் அடியில் வளைந்த குழாயில் சேறாக உட்கார்ந்திருக்கும், பாதரச மணிகளோடு. என்றைக்காவது அடைத்துக்கொள்ளும், பிளம்பர் வருவார், வெறுங்கையால் கழற்றி வாசலில் தட்டுவார். அதற்கு முன் நீங்களே ஆள் வைத்துக் கழற்றுங்கள். கீழே ஒரு வாளி வைத்து, அவர் கைக்குக் கையுறை கொடுங்கள். வாளியில் விழுந்ததை வடிகட்டாமல் அப்படியே தனிக் கேனில் ஊற்றி, "சிங்க் குழாய்ச் சேறு, பாதரசம் இருக்கலாம்" என்று தேதியோடு எழுதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.